பள்ளியில் அமைதி, வீட்டுக்கு வந்ததும் வெடிப்பு: ஆட்டிசம் உள்ள 13 வயதுப் பையனுக்குச் சுயக்கட்டுப்பாடு பழக்குவது எப்படி?

தாமிரபரணி_அம்மா:

வணக்கம். பையனுக்கு 13 வயசு, எட்டாம் வகுப்பு, எல்லாரும் படிக்கிற சாதாரணப் பள்ளி. ஆட்டிசம் சான்றிதழ் இருக்கு, கூடவே ஏ.டி.எச்.டி.யும் (கவனக் குறைவு, அளவுக்கு மீறின துறுதுறுப்பு) இருக்கு. அதுக்குக் காலையில 7 மணிக்கு மெத்தில்பெனிடேட், நீண்ட நேரம் வேலை செய்யுற வகை. நல்லாப் பேசுவான், ஆனா கோபம் உச்சத்துக்குப் போனா பேச்சு நின்னுடும்.

காலை 7:15க்கு வேன், சாயங்காலம் 5 மணிக்கு வீடு. ஷூ கழட்டும்போதே ஆரம்பிச்சிடும். பையை வீசுறது, தங்கச்சி அழுதா காதைப் பொத்திக்கிட்டு அவளைத் தள்ளுறது, தன் கையைத் தானே கடிக்கிறது. பெரும்பாலான பள்ளி நாள்ல இப்படித்தான். ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் அநேகமா வராது. போன் குடுத்தா அடங்குவான், 7 மணிக்குத் திருப்பி வாங்கினா மறுபடி.

பள்ளியில "ரொம்ப அடக்கமான பையன், வீட்ல செல்லம் ஜாஸ்தி"ங்கிறாங்க. மாமியாரும் "அங்க அடங்கத் தெரிஞ்சவனுக்கு இங்க தெரியாதா"ங்கிறாங்க. வேணும்னே பண்றானா? அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்? போன் குடுக்கலாமா? மருந்து மாத்தணுமா? ஆறுதல் வேண்டாம், செய்முறை சொல்லுங்க.

---

வேம்பு_ஓடி:

அக்கா, முதல் கேள்விக்கு உங்க விவரத்துலயே பதில் இருக்கு. பள்ளி நாள்ல மட்டும், ஏறக்குறைய அதே நேரத்துல வருது. வேணும்னே பண்றவனுக்கு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணுதானே? பள்ளியில அடங்கி உக்கார்றதே அவனுக்குப் பெரிய உழைப்பு. காலாட்டாம இருக்கணும், ஃபேன் சத்தத்துக்கு நடுவுல மிஸ் குரலைப் பிரிச்சுக் கேக்கணும், பக்கத்துப் பையன் தோள் உரசுறதைப் பொறுத்துக்கணும், யார் கிண்டல் பண்றா யார் நிஜமாப் பேசுறான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். வீடு பாதுகாப்பான இடம்னு உடம்புக்குத் தெரியும். அங்க வந்து விட்டுடுது. ஆட்டிசத்தைக் கண்டறியுற விதிகள்லயே இந்தப் புலன் கூச்சத்தை 2013ல வந்த டி.எஸ்.எம்-5ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேடு சேர்த்தாச்சு. செல்லத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

5 மணியில இருந்து 6 மணி வரைக்கும் மட்டும் முதல்ல மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

வாசல்ல நுழைஞ்சதும் பாத்ரூம். இதைத்தான் நிறையப் பேர் கவனிக்கிறதே இல்ல. ஈரத் தரை, நாத்தம், ஃபிளஷ் சத்தம், வெளிய கதவைத் தட்டுற பசங்க, இதுக்கெல்லாம் பயந்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டே இருக்கிற பிள்ளைங்க ஏராளம். வயிறு முட்டிக்கிட்டு இருந்தாலும் அது "யூரின் வருது"ன்னு மனசுக்குப் புரியாம வெறும் எரிச்சலா மட்டும் தெரியும். அதனால "வருதா?"ன்னு கேக்காதீங்க, இல்லைன்னுதான் சொல்லுவான். ஷூ, பாத்ரூம், தண்ணி, இந்த வரிசையை மூணு படமா வரைஞ்சு வாசல்ல ஒட்டிடுங்க. தண்ணி பாட்டில் நிறைஞ்சே திரும்பி வருதா, டிபன் பாக்ஸ்ல எவ்வளவு மிச்சம்னு தினமும் பாருங்க. அந்த மாத்திரை மதியப் பசியைக் கொன்னுடும்.

அடுத்தது யூனிஃபார்ம். பெல்ட், ஈர சாக்ஸ், கழுத்துப் பட்டன் எல்லாம் கழட்டிட்டுத் தொளதொளன்னு பருத்தித் துணி. சாப்பாடு தயாரா இருக்கணும், "என்ன வேணும்?"னு அப்போ கேக்கக் கூடாது. தினமும் அதே பொருள், அதே தட்டு. கூட ஏதாவது கடுக்குமொடுக்குன்னு கடிக்கிற மாதிரி வைங்க: முறுக்கு, கடலை உருண்டை, வறுத்த கொண்டைக்கடலை. தாடைக்கு வேலை கிடைச்சா சில பிள்ளைங்க கையைக் கடிக்கிறது குறையும்.

5லிருந்து 6 வரைக்கும் மிக்சி, கிரைண்டர், குக்கர், சீரியல் நாலும் வேண்டாம். சட்னியை 4:30க்கே அரைச்சிடுங்க. தங்கச்சிக்கு அந்த நேரம் வேற இடம், கூட ஒரு பெரியவங்க. அவளையும் "அண்ணனுக்காக நீதான் பொறுத்துக்கணும்"னு சொல்லி ஓரமா உக்கார வைக்காதீங்க, அவளுக்கும் அது விளையாட்டு நேரமா இருக்கட்டும். சத்தம் தடுக்கிற இயர்மஃப் வாங்கலாம், ஆனா வேன்லயும் இந்த ஒரு மணி நேரத்துலயும் மட்டும். நாள் முழுக்க மாட்டினா காது அமைதிக்குப் பழகி, சாதாரண சத்தமே இன்னும் பெருசாக் கேக்க ஆரம்பிக்கும்.

சாப்பிட்டு 15, 20 நிமிஷம் கழிச்சு உடம்புக்குப் பளுவான வேலை. 20 லிட்டர் தண்ணி கேனைத் தரையில தள்ளிக்கிட்டுப் போறது (தூக்க வேண்டாம்), சப்பாத்தி மாவு பிசையுறது, ஜமுக்காளத்தை இறுக்கிச் சுருட்டுறது, சுவரை ரெண்டு கையாலும் பத்து எண்ணுற வரைக்கும் தள்ளுறது, மூணு தடவை. இதெல்லாம் கத்தல் தொடங்குறதுக்கு முன்னாடிதான். தொடங்கின பிறகு "போய்ச் சுவரைத் தள்ளு"ன்னா அது இன்னொரு கட்டளை, அவ்வளவுதான்.

கனமான போர்வை வாங்கச் சொல்லி யாராவது வருவாங்க. பிரிட்டன்ல ஆட்டிசம் உள்ள பிள்ளைங்ககிட்ட சோதிச்சு 2014ல வெளியிட்டாங்க. பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருந்தது, ஆனா தூக்கத்தை அளந்து பார்த்தப்ப முன்னேற்றம் இல்ல. நம்ம ஊர் புழுக்கத்துக்கு அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

இன்னொண்ணு, 45 நிமிஷத்துக்கு ஒரு கேள்வியும் கூடாது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"ங்கிறதும் சேர்த்துத்தான்.

---

கரிசல்காடு:

எல்லாத்தையும் அவனுக்காக வளைச்சுக்கிட்டே போனா எப்பத்தான் கட்டுப்பாடு கத்துப்பான்? மன உறுதிங்கிறது பயிற்சியில வர்றதுதானே? இப்பவே ஒரு மிட்டாய், இல்ல காத்திருந்தா ரெண்டுன்னு குழந்தைங்ககிட்ட சொல்லி, காத்திருக்கத் தெரிஞ்ச குழந்தை வாழ்க்கையில ஜெயிக்கும்னு காட்டின மிட்டாய் சோதனையெல்லாம் இருக்கே.

---

சாம்பல்_சிட்டு:

கரிசல், அந்தச் சோதனை வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டில் நடத்தியது. 2018இல் இன்னும் பெரிய, பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது பெரும்பகுதி கரைந்துபோனது. மன உறுதி ஒரு டேங்க், செலவழித்தால் தீரும் என்ற கருத்து 1998இல் கிளம்பியது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே முறையில் சோதித்துப் பார்த்தபோது விளைவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாதாரண மனிதர்களுக்கே உறுதியாகாத ஒன்றை இந்தப் பையன் தலையில் கட்டாதீர்கள்.

மிஷெலின் சோதனைகளிலேயே காத்திருக்க முடிந்த குழந்தைகளில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு மிட்டாயையே வெறிக்கவில்லை. கண்ணைப் பொத்தினார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள். அதாவது சூழலை மாற்றிக்கொண்டார்கள். வேம்பு சொன்னதும் அதுதான். இப்போது அம்மா மாற்றிக் கொடுக்கிறார், மெல்ல மெல்ல அவனே மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டிய கட்டுப்பாடு "அடக்கிக்கொள்" அல்ல, "நேரத்தோடு விலகிப் போ".

அதற்கு அளவுகோல் ஒன்று தேவை. 1 முதல் 5 வரை. "கோபம், எரிச்சல், பதற்றம்" என்று உணர்ச்சிப் பெயர்களை எழுத வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சியை இன்னதென்று பிரித்துச் சொல்வது கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உடம்பில் தெரிவதை எழுதுங்கள். 1 என்றால் கை சும்மா இருக்கிறது. 2, விரலால் தட்டுகிறேன். 3, தாடை இறுகுகிறது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 4, காது சுடுகிறது, எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது. 5, பேச்சு வரவில்லை. அவன் சொல்லச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதுங்கள், நீங்கள் கண்டுபிடித்து எழுதாதீர்கள்.

பெரியவர்கள் எல்லாரும் 5இல் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். செய்ய வேண்டியது 3இல். "3 வந்தால் மொட்டை மாடிப் படிக்கட்டு" என்று ஒரே ஒரு "வந்தால்–செய்வேன்" வாக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. செய்ய வேண்டும் என்ற வெறும் எண்ணத்தைவிட, எந்த அடையாளத்தைக் கண்டதும் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது செயலுக்கு உதவுகிறது. முதல் மாதம் ஒரு வாக்கியம் போதும், ஐந்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது. அமைதியான நேரத்தில் நடந்து காட்டி ஒத்திகை பாருங்கள்.

இது கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு: "டேய், நீ இப்ப நாலுல இருக்க பாரு" என்று அளவுகோலைக் குச்சியாக்குவது. எண்ணைச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டும். நீங்கள் உங்கள் எண்ணைச் சொல்லலாம்: "அம்மா இப்ப 3, அஞ்சு நிமிஷம் பால்கனி."

உச்சத்தின்போது: பேச்சைக் குறையுங்கள், வாக்கியத்துக்கு இரண்டு, மூன்று சொல். "நான் இருக்கேன்." "தண்ணி இங்க." நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில், இரண்டு கை நீளத் தூரத்தில், முடிந்தால் அவனைவிடத் தாழ்வாக உட்கார்ந்து. கதவை மறிக்காதீர்கள். ஆனால் தெருவுக்கோ மொட்டை மாடிக்கோ போகும் கதவு முன்பே பூட்டியிருக்கட்டும், படிக்கட்டோடு நிற்கட்டும். தங்கையை வெளியே அழைத்துப் போவது ஒருவர், அவனோடு இருப்பது ஒருவர், மூன்றாம் ஆள் வேண்டாம். கண்ணாடி டம்ளர், கத்தி, இரும்பு ஸ்டூல் கைக்கெட்டாமல். கையைக் கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள், கடிக்க ஒரு மடித்த டவலை நீட்டுங்கள். குப்புறப் படுக்க வைத்து அழுத்துவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது, மூச்சு அடைத்து உயிர் போயிருக்கிறது. பிரிட்டனில் ஆண்ட்ரூ மெக்டொன்னல் வளர்த்த தணிவு அணுகுமுறையின் சாரம் இதுதான்: எதிரில் இருப்பவர் தன் குரலையும் உடம்பையும் முதலில் தணிக்க வேண்டும்.

அடங்கிய பிறகு 20 நிமிடமோ ஒரு மணி நேரமோ களைத்துக் கிடப்பான். அப்போது "ஏன்டா அப்படிப் பண்ணின?" என்றால் இரண்டாவது அலை வரும். மறுநாள் பேசலாம். பேச்சுக்குப் பதில் சிதறிய பையை இருவரும் சேர்ந்து அடுக்கினாலே போதும்.

---

நடத்தை_நோட்டு:

மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. எல்லாமே புலன் சுமை என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். 5 மணிக்கு வருவதும் 7 மணிக்குப் போனை வாங்கும்போது வருவதும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

40 பக்க நோட்டில் நான்கு பத்தி: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பினான். ஓரத்தில் முந்தைய இரவுத் தூக்கம், மதிய உணவு எவ்வளவு, மலம் போனதா, பள்ளியில் தேர்வோ பி.டி. பீரியடோ இருந்ததா. "கோபப்பட்டான்" என்று எழுதினால் பயனில்லை. "பையைச் சுவரில் எறிந்தான், இடது மணிக்கட்டைக் கடித்தான், 12 நிமிடம்" என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளையும் எழுத வேண்டும், ஒப்பிட அதுதான் வேண்டும்.

போன். 5 மணிக்கு அட்டவணையிலேயே போன் நேரம் இருக்கிறதென்றால் அது ஓய்வு, தவறில்லை. ஆனால் கத்திய பிறகு கொடுத்தால், கத்தினால் போன் வரும் என்று நாமே பாடம் நடத்துகிறோம். அதனால் கத்தலுக்கு முன்பே, சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்கள். கத்தல் வந்தாலும் வராவிட்டாலும் அதே அளவு.

திரும்ப வாங்குவதுதான் கடினம். ஒன்றில் மூழ்கிய கவனத்தைப் பிடுங்கி எடுப்பது ஆட்டிச மூளைக்கு வேதனை. டைனா மர்ரேயும் கூட்டாளிகளும் 2005இல் இந்த ஒற்றை ஓடைக் கவனத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். "7 மணி ஆச்சு" என்று கடிகாரத்தைக் காட்டுவதைவிட, "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்று அவன் பார்ப்பதிலேயே முடிவை வையுங்கள். யூட்யூபில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்துங்கள், ஷார்ட்ஸுக்கு முடிவே கிடையாது என்பதால் அது வேண்டாம். நேரம் குறைவதைக் கண்ணால் பார்க்கும் வண்ண டைமர் ஒன்றைப் போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். நேரம் முடிந்ததும் தானாகப் பூட்டும் செயலிகள் பாதி வீடியோவில் திரையை இருட்டாக்கும், இந்த வீட்டுக்கு அது ஆகாது. போனுக்கு அடுத்து வருவது வீட்டுப்பாடமாக இருக்கக் கூடாது. நடுவில் சின்னதாகப் பிடித்த ஒன்று வேண்டும்: இரவு உணவு, மாடியில் பத்து நிமிட நடை, அவன் ரயில் அட்டவணை நோட்டு, எது பிடிக்குமோ அது. பழைய முறையை மாற்றியதும் முதல் சில நாட்கள் கத்தல் கூடும். அங்கேதான் பலரும் விட்டுக்கொடுத்து, இன்னும் சத்தமாகக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். தொடங்கும் வாரத்தில் விருந்தாளியோ தேர்வோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு நின்றுவிடும் என்கிறீர்கள். அப்படியானால் சொல்லுக்குப் பதில் கையில் ஒரு பொருள் வேண்டும். ஏ.டி.எம். அட்டை அளவில் லேமினேட் செய்த அட்டை, அதில் "எனக்கு இடைவேளை வேண்டும்". காட்டிய ஐந்து விநாடிக்குள் இடைவேளை கிடைக்க வேண்டும், பேரம் கூடாது. கத்துவதைவிட அட்டை வேகமாக வேலை செய்தால்தான் கத்தலை விடுவான். கார், டியூரண்ட் என்ற ஆய்வாளர்கள் 1985இல் காட்டியதிலிருந்து இதற்குச் சான்று நிறைய. சில வாரங்கள் நிலைத்த பிறகே "ஒரு நிமிடம், பிறகு இடைவேளை" என்று மெல்ல நீட்டலாம். ஒரு நாளில் இருபது தடவை காட்டினால் அட்டையைப் பிடுங்காதீர்கள். அந்த வேலை அவனுக்கு மிஞ்சியது என்று பொருள்.

---

மருந்துச்சீட்டு:

மருத்துவப் பக்கம் சுருக்கமாக. இது உங்கள் மருத்துவரைக் கேட்பதற்கான பட்டியல், சிகிச்சை அல்ல.

நீண்ட நேர மெத்தில்பெனிடேட் வகைக்கு ஏற்ப 8 முதல் 12 மணி நேரம் வேலை செய்யும். 7 மணிக்குப் போட்டால் பிற்பகல் 3 முதல் 7க்குள் இறங்கும். இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் முன்பைவிடக் கூடுதலாக வரும். 5 மணி வெடிப்புக்கு இதுவும் பங்காளியாக இருக்கலாம். மருந்து இல்லாத விடுமுறை நாட்களையும் மருந்து போட்ட விடுமுறை நாட்களையும் நோட்டில் தனியாகக் குறியுங்கள். மருந்து போட்ட ஞாயிறும் அமைதியாகவே போனால் பள்ளிச் சுமையின் பங்கு பெரிது, மருந்தின் பங்கு சிறிது. நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம். மருத்துவர் வேறு வகைக்கு மாற்றலாம், அல்லது நேரத்தை நகர்த்தலாம்.

வலியைத் தேடுங்கள். மலச்சிக்கல், சொத்தைப் பல், காதுச் சீழ், தலைவலி, வயிற்றெரிச்சல். நன்றாகப் பேசும் பிள்ளைகூட "வலிக்குது" என்று சொல்லாமல் அடிக்கும். வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாக மலம் போனால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வெறித்த பார்வை, கூப்பிட்டால் சில விநாடி பதிலின்மை, அதன்பின் குழப்பம் என்றால் நரம்பியல் மருத்துவர். ஆட்டிசத்தில் வலிப்பு பொதுவானவர்களைவிட அதிகம், பதின்ம வயதில் புதிதாகவும் தொடங்கும்.

கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் 2006இலும் அரிப்பிப்ரசோல் 2009இலும் ஆட்டிசப் பிள்ளைகளுக்காக அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றன. வேலை செய்யும். எடையும் ஏறும், சர்க்கரையும் கொழுப்பும் அளந்துகொண்டே இருக்க வேண்டும், ரிஸ்பெரிடோனில் புரோலாக்டின் என்ற ஹார்மோனும். காயம் உண்டாக்கும் அளவுக்குப் போய், மேலே சொன்ன மாற்றங்கள் பலிக்காதபோதுதான் அந்தப் பேச்சு. தொடங்கினால் திடீரென நிறுத்தக் கூடாது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

---

தாமிரபரணி_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பள்ளியில இந்த அட்டையை ஒத்துக்குவாங்களா? "இங்க ஒரு பிரச்சினையும் இல்லையே, எதுக்கு?"ம்பாங்க.

---

நடத்தை_நோட்டு:

எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16ஆம் பிரிவு, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்து தருவதைக் கல்வி நிறுவனத்தின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளுக்கு இது பொருந்தும். சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. கடிதத்தோடு சான்றிதழின் நகலையும் இரண்டு வார நோட்டின் நகலையும் இணையுங்கள். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாக எழுதாமல் நான்கு கோரிக்கை மட்டும்: அட்டை காட்டினால் தண்ணீர்க் குழாய் வரை போய்வர ஐந்து நிமிடம், பீரியட் நடுவே காலியாக இருக்கும்போது கழிப்பறைக்கு அனுமதி, ஃபேனுக்கு நேர் கீழே அல்லாத ஓர இருக்கை, மதிய உணவைக் கூட்டமில்லாத இடத்தில் சாப்பிடுவது. காசு செலவில்லாத கோரிக்கைகள் என்பதால் மறுப்பது கடினம்.

---

வேம்பு_ஓடி:

வேனையும் விட்டுடாதீங்க. டிரைவர்கிட்ட பேசி ஜன்னலோர இடம், முன் வரிசை, ஸ்பீக்கருக்குத் தள்ளி. அவனை ஏத்துறதும் இறக்குறதும் எத்தனாவதா வருதுன்னு கேளுங்க, சுத்திச் சுத்தி முக்கால் மணி நேரம் உக்கார்றவனை வழி மாத்திப் பத்து நிமிஷம் முன்னாடி இறக்க முடியலாம். அப்புறம் அந்த அட்டை புத்தகப் பைக்குள்ள வேண்டாம், தேடுறதுக்குள்ள அளவுகோல்ல 5 வந்துடும். சட்டைப் பையில, ஐ.டி. கார்டு கயித்தோட சேர்த்து மாட்டி விடுங்க. ரெண்டு காப்பி போடுங்க, ஒண்ணு கட்டாயம் தொலையும்.